சூப்பர்நோவா வெளிச்சத்தைக் கொண்டு தூரம் அளப்பது எப்படி? ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

2011 ஆகஸ்ட் 24 அன்று, சப்தரிஷி மண்டலத்தின் வால்முனைக்கு அருகே இருக்கும் எம்101 என்ற பேரடையில் (கேலக்ஸியில்) ஒரு விண்மீன் வெடித்திருப்பதை அமெரிக்காவின் பாலோமர் வானாய்வகத்தினர் கண்டுபிடித்தனர். வெடித்து அப்போது அரை நாள்கூட ஆகியிருக்கவில்லை. செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் அதன் வெளிச்சம் உச்சத்துக்கு வந்தது. அந்த நாட்களில் ராமேசுவரம் கடற்கரையில் நின்றவருக்கும் பொழுது சாய்ந்தபின் வடமேற்கு வானில் தாழ்வாக அது இருந்தது. ஒரு சிறிய தொலைநோக்கி இருந்தால் போதும், அதன் வழியே பார்த்திருக்கலாம். எஸ்என் 2011எஃப்இ என்று பெயரிடப்பட்ட அந்த விண்மீன் வெடிப்பின், அதாவது சூப்பர்நோவாவின், ஒளியைச் சரியாக அளந்து ஒரே ஒரு சூத்திரத்தில் போட்டால், இரண்டு கோடி ஒளியாண்டுக்கும் மேற்பட்ட தூரம் விடையாக வரும்.

அந்த அளவீட்டை நம் கடற்கரையில் ஒரு கல்லூரி மாணவர் அல்லது ஆர்வலர் தாமே செய்து பார்க்க வழிகாட்டுவதுதான் இந்தக் கட்டுரை. தேவையான கணக்கு பள்ளி மேல்நிலை வகுப்பின் மடக்கையைத் தாண்டாது. கேமரா, ட்ரைபாட், லேப்டாப் ஆகியவை போதும். கையில் ஆறு அல்லது எட்டு அங்குலத் தொலைநோக்கியும் வானத்தைப் பின்தொடரும் தாங்கியும் இருந்தால் வேலை எளிதாகும். இவற்றையெல்லாம்விட முக்கியமானது, ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று விடாமல் கேட்கும் பழக்கம். வெடிக்கும் விண்மீன் தானாகத் தூரம் சொல்வதில்லை. அதற்கு முந்தைய படி எவ்வளவு உறுதியோ, அவ்வளவுதான் நம் விடையும் உறுதி.

எந்த வெடிப்பு நமக்குப் பயன்படும்?

விண்மீன்கள் பல விதமாக வெடிக்கின்றன. பெரும் நிறை கொண்ட விண்மீனின் மையம் சரிந்து வெடிப்பது ஒரு விதம். 1987இல் பெரிய மெகல்லன் மேகத்தில் கண்ட வெடிப்பு அந்த வகையைச் சேர்ந்தது. அவற்றின் உச்ச ஒளி ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபடுவதால், நாம் செய்யப்போகும் எளிய கணக்குக்கு அவை உதவா.

நமக்கு வேண்டியது 'ஒன்று-ஏ' (Ia) வகை. சூரியன் போன்ற விண்மீன் எரிந்து முடித்து விட்டுச்செல்லும் வெண்குறுமீன், இணை விண்மீனிடமிருந்து பொருளை வாங்கியோ இன்னொரு வெண்குறுமீனோடு மோதியோ முழுதாக வெடித்துச் சிதறுவது இது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் தம் பத்தொன்பதாவது வயதில் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் போட்ட கணக்குதான் வெண்குறுமீனின் நிறைக்கு உச்சவரம்பு உண்டு என்று காட்டியது. இன்றைய மதிப்பில் அது சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு.

எல்லாம் ஒரே நிறையில் வெடிப்பதால் எல்லாம் ஒரே பிரகாசம் என்று பல புத்தகங்கள் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அது சரியல்ல. அந்த வரம்பை எட்டாமலே வெடிப்பவையும் இருக்கலாம் என்பதற்கு இன்று வலுவான காரணங்கள் உண்டு. பிரகாசத்தைத் தீர்மானிப்பது வெடிப்பில் உருவாகும் கதிரியக்க நிக்கல்-56இன் அளவு. இயல்பான ஒரு வெடிப்பில் சூரிய நிறையில் ஏறத்தாழ 0.6 பங்கு நிக்கல் உருவாகிறது. ஆறு நாள் அரை ஆயுளோடு அது கோபால்ட்-56 ஆகவும், 77 நாள் அரை ஆயுளோடு கோபால்ட் இரும்பாகவும் மாறுகிறது. நாம் பார்க்கும் வெளிச்சம் இந்தச் சிதைவின் ஆற்றல்தான். நிக்கல் கூடக்குறைய இருந்தால் உச்ச ஒளியும் கூடும், குறையும். அந்த வேறுபாட்டை ஒளி மங்கும் வேகத்தைக் கொண்டு திருத்த முடியும் என்பதே இந்த முறையின் உயிர்.

படி 1: கரையில் இரண்டு விளக்குகள்

வானத்துக்குப் போகுமுன் தரையில் பழகிவிடுங்கள். நாட்டுப்படகுகளில் பயன்படுத்தும் பேட்டரி எல்இடி விளக்குகளில் ஒரே மாதிரி இரண்டை வாங்கிக்கொள்ளுங்கள். சேதுக்கரை அல்லது வாலிநோக்கம் மணலில் கேமராவை நிறுத்தி, 50 மீட்டரில் ஒன்றையும் 100 மீட்டரில் மற்றொன்றையும் வையுங்கள். விளக்கின் முன் துளையிட்ட அட்டையை ஒட்டிவிட்டால் ஒளி ஒரு புள்ளியாகத் தெரியும். கேமராவைத் தானியங்கி அமைப்பில் விடாதீர்கள். ராஒ (RAW) கோப்பாக, அதாவது கேமரா திருத்தாத மூலப்படமாக, இரண்டும் ஒரே படத்தில் வருமாறு எடுங்கள்.

வீட்டுக்கு வந்து சிரில் அல்லது ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே போன்ற இலவச மென்பொருளில் திறந்து, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வட்டமிட்டு உள்ளே இருக்கும் எண்களைக் கூட்டுங்கள். அருகிலுள்ள இருட்டுப் பகுதியின் அளவைக் கழித்துவிடுங்கள். அருகில் உள்ளது நான்கு மடங்கு வரவேண்டும். மூன்றோ ஆறோ வந்தால் ஒன்று படம் அளவுமீறி வெளுத்திருக்கிறது, அல்லது விளக்குகள் ஒரே திசையைப் பார்க்கவில்லை. நான்கு வரும்வரை இந்தப் பயிற்சியை விட்டு நகராதீர்கள். தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒன்றாகும் என்ற இந்த ஒரே விதியின்மேல்தான் பின்னால் வரும் எல்லாப் படிகளும் நிற்கின்றன.

படி 2: பொலிவெண்

வானியலில் ஒளியைப் பொலிவெண்ணால் குறிக்கிறார்கள். எண் கூடினால் ஒளி குறைவு. ஐந்து எண் வித்தியாசம் சரியாக 100 மடங்கு. ஓர் எண் வித்தியாசம் சுமார் 2.512 மடங்கு. இரண்டு ஒளிகளின் விகிதம் தெரிந்தால், அதன் மடக்கையை 2.5ஆல் பெருக்கினால் பொலிவெண் வித்தியாசம் கிடைக்கும். உங்கள் இரண்டு விளக்குகளின் வித்தியாசம் 1.5.

நமக்குத் தெரியும் ஒளி தோற்றப் பொலிவெண். அதே பொருளை 10 பார்செக், அதாவது 32.6 ஒளியாண்டு தூரத்தில் வைத்தால் தெரியும் ஒளி தனிப் பொலிவெண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தூரம்:

தூரம் (பார்செக்கில்) = 10^((தோற்றப் பொலிவெண் − தனிப் பொலிவெண் + 5) ÷ 5)

ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு. இந்தச் சூத்திரத்தைக் கையால் சில முறை போட்டுப் பழகுங்கள்.

படி 3: இடமும் பருவமும்

நம் கரை இருப்பது வட அகலாங்கு 9 பாகையை ஒட்டி. இது பெரிய வசதி. எம்101 இங்கே வடக்கில் 45 பாகை உயரம் வரை ஏறும். எம்82 பேரடை 30 பாகையை எட்டும். தெற்கே ஃபோர்னாக்ஸ் பேரடைக் கூட்டமும் 45 பாகையை ஒட்டி வரும். கன்னிப் பேரடைக் கூட்டம் ஏறத்தாழ நம் உச்சந்தலைக்கு மேலேயே கடக்கிறது. ஐந்து கோடி ஒளியாண்டுக்குச் சற்று மேல் உள்ள அந்தக் கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேரடைகள் இருக்கின்றன. அங்கே ஓர் 'ஒன்று-ஏ' வெடித்தால் உச்சத்தில் 12ஆம் பொலிவெண்ணை ஒட்டி இருக்கும். 1994இல் என்ஜிசி 4526 பேரடையில் வெடித்த எஸ்என் 1994டி அப்படி ஒன்று. தலைக்கு மேல் இருக்கும் பொருளின் ஒளி மிகக் குறைந்த காற்றைக் கடந்து வருகிறது. ஐரோப்பாவில் இருப்பவருக்குக் கிடைக்காத சலுகை இது.

வடக்கு வானத்துக்கு மண்டபத்தின் வடகடல் கரையோ ராமேசுவரம் தீவின் வடகரையோ நல்லது. முன்னால் பாக் விரிகுடா, ஊர் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால். தெற்கு வானத்துக்குச் சேதுக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர் போன்ற தென்கடல் கரைகள். தனுஷ்கோடி வானம் இவை எல்லாவற்றையும்விட இருட்டு. ஆனால் மாலைக்குப்பின் அந்தச் சாலையில் பொதுமக்களை விடுவதில்லை என்பதால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எந்தக் கரையானாலும் முன்கூட்டியே உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஊர்ப் பெரியவர்களிடமும் சொல்லிவிடுங்கள். இது எல்லைக் கடல். இரவில் முக்காலியும் குழாயுமாக நிற்பவரைப் பார்த்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தினர் கேட்கத்தான் செய்வார்கள், கேட்கவும் வேண்டும். பச்சை லேசரைக் கடல் பக்கமோ வானூர்திப் பாதையிலோ ஒருபோதும் அடிக்காதீர்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடியே இருக்கும். தை பிறந்ததும் தெளிகிறது. தை முதல் சித்திரை வரை நம் பருவம். கன்னிக் கூட்டமும் எம்82உம் அப்போதுதான் வசதியாக வருகின்றன. ஆனி, ஆடியில் பாம்பன் பக்கம் அடிக்கும் காற்றில் தொலைநோக்கி நிலைகொள்ளாது. அந்த மாதங்களில் கரையை விட்டு உள்ளே வந்து, பனைவிளையின் மறைவிலோ மொட்டைமாடிச் சுவரின் மறைவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்காற்று கொண்டுவரும் உப்பு, லென்ஸில் மெல்லிய படலமாகப் படியும். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புப் பரல் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதுகுழலால் ஊதி, பிறகு லென்ஸுக்கான திரவத்தில் நனைத்த மென்மையான துணியால், அழுத்தாமல் எடுக்கவேண்டும். விடியற்காலைப் பனி அதே உப்போடு சேர்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால், லென்ஸைச் சுற்றிக் கட்டும் சிறு ஹீட்டர் பட்டை ஒன்றை வாங்குவது வீண்செலவல்ல.

படி 4: முதலில் ஒரு செஃபீட்

சூப்பர்நோவா நினைத்தபோது வெடிக்காது. அதுவரை கையைப் பழக்கவும், அருகிலுள்ளதை வைத்துத் தொலைவிலுள்ளதை அளக்கும் தூர ஏணியின் முந்தைய படியைப் புரிந்துகொள்ளவும் ஒரு செஃபீட் விண்மீனை அளந்துவிடுங்கள். செஃபீட்கள் சீராகப் பொலிந்து மங்குபவை. சுற்றுக்காலம் நீண்டதாக இருந்தால் உண்மை ஒளியும் அதிகம் என்ற தொடர்பை, சிறிய மெகல்லன் மேகத்தில் இருந்த 25 விண்மீன்களைக் கொண்டு ஹென்ரியெட்டா லீவிட் 1912இல் உறுதிப்படுத்தினார்.

ஆவணி, புரட்டாசி முன்னிரவில் நம் ஊரில் திருவோண நட்சத்திரம் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அதற்கு நேர் தெற்கே, கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அந்த அகலத்துக்குச் சற்றுக் குறைவான தள்ளலில் ஈட்டா அக்விலே இருக்கிறது. தொலைநோக்கி வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரியும். 7.18 நாள் சுற்றுக்காலத்தில் சுமார் 3.5இலிருந்து 4.3 வரை மங்கி மீளும். ஒப்பிட அருகிலேயே தீட்டா (3.2), டெல்டா (3.4), பீட்டா (3.7), அயோட்டா (4.4) அக்விலே இருக்கின்றன. தெளிந்த இரவுகளில் ட்ரைபாடில் கேமராவை வைத்துச் சில விநாடிப் படங்களாக எடுத்து, விண்மீன்களைச் சற்றே குவியம் தவறவிட்டு, பச்சைப் பகுதியை மட்டும் அளந்து வரைபடமாக்குங்கள். நாளுக்குப் பதிலாகச் சுழற்சியின் எந்தக் கட்டம் என்று போட்டால், பல வாரப் புள்ளிகளும் ஒரே வளைவில் வந்து அமரும். அதைத் தன் கையால் வரைந்து பார்ப்பது தனி இன்பம்.

7.18 நாள் செஃபீடின் சராசரித் தனிப் பொலிவெண் ஏறத்தாழ −3.7. தோற்றச் சராசரி 3.9. வித்தியாசம் 7.6, தூரம் 331 பார்செக், சுமார் 1,080 ஒளியாண்டு. ஆனால் இடையே உள்ள தூசு அதன் ஒளியை ஏறத்தாழ 0.4 அளவுக்கு மறைக்கிறது. அதைக் கழித்தால் வித்தியாசம் 7.2, தூரம் 275 பார்செக், சுமார் 900 ஒளியாண்டு. தூசை மறந்தால் இருநூறு ஒளியாண்டு தவறுகிறது. இதை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள், படி 8இல் இது பெரிதாகத் திரும்பி வரும்.

அருகிலுள்ள செஃபீட்களின் தூரத்தை ஐரோப்பாவின் கயா விண்கலம் இடமாறு தோற்றத்தின் (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் சற்றே இடம் மாறித் தெரிவதன்) வழியே நேரடியாக அளந்திருக்கிறது. கயா செஃபீடுக்கும், செஃபீட் சூப்பர்நோவாவுக்கும் அளவு கொடுக்கிறது. ஏணி இப்படித்தான் ஏறுகிறது.

படி 5: வெடிப்பைக் கண்டுபிடித்து வகையை உறுதிசெய்வது

புதிய வெடிப்புகளைப் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் சார்பில் டிரான்சியன்ட் நேம் சர்வர் என்ற இணையதளம் பதிவுசெய்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 13ஆம் பொலிவெண்ணைவிடப் பிரகாசமானதும், 'எஸ்என் ஒன்று-ஏ' என்று வகைப்படுத்தப்பட்டதும், இன்னும் உச்சத்தை அடையாததுமான ஒன்றைத் தேடுங்கள். உச்சம் கடந்த பிறகு தொடங்கினால் பயனில்லை.

வகையை முடிவுசெய்வது, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலை. ஹைட்ரஜன் கோடு இருக்கக்கூடாது; 615 நானோமீட்டர் அருகே சிலிக்கனால் உண்டாகும் ஆழமான பள்ளம் இருக்கவேண்டும். சிலிக்கன் கோட்டின் இயல்பான இடம் 635.5 நானோமீட்டர். வெடித்த பொருள் விநாடிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் நம்மை நோக்கி வருவதால்தான் அது நீலப்பக்கம் நகர்ந்து தெரிகிறது. லடாக்கின் ஹான்லேயில் உள்ள இரண்டு மீட்டர் இமயச் சந்திரா தொலைநோக்கி, சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது, இப்படிப்பட்ட நிறமாலைகளைத் தொடர்ந்து எடுத்துவருகிறது. எட்டு அங்குலத் தொலைநோக்கியில் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் ஒரு சிறு கீற்றணி வடிகட்டியைப் பொருத்தினால், பிரகாசமான வெடிப்பில் அந்தப் பள்ளத்தை நீங்களே பதிவுசெய்யலாம்.

படி 6: படமெடுத்து அளப்பது

30 விநாடிப் படங்கள் இருபது எடுத்து அடுக்குவது, பத்து நிமிடப் படம் ஒன்றைவிட நல்லது. காற்று ஒன்றைக் கெடுத்தாலும் மற்றவை மிஞ்சும். மூடியோடு எடுக்கும் இருட்டுப் படங்களும், வெள்ளைத் துணி போர்த்தி எடுக்கும் சமன் படங்களும் கட்டாயம். கேமரா 14 பிட் என்றால் எண் 16,383இல் நின்றுவிடும். விண்மீனின் நடுப்புள்ளி 10,000ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே குவியத்தைத் தளர்த்தாதீர்கள், பேரடையின் ஒளி கலந்துவிடும்.

ஒப்பீட்டு விண்மீன்களை ஏஏவிஎஸ்ஓ என்ற மாறுவிண்மீன் நோக்கர் சங்கத்தின் வரைபடத்திலிருந்து எடுங்கள். சூப்பர்நோவா இருக்கும் அதே சட்டகத்தில், நிறத்தில் நெருங்கிய மூன்று நான்கு விண்மீன்கள் போதும். எல்லாம் ஒரே காற்றின் ஊடே வருவதால், கடல்மட்டக் காற்று விழுங்கும் ஒளி பெருமளவு தானாகவே அடிபட்டுப் போகும். எதற்கும் ஒரு விண்மீனைச் சோதனைக்காகத் தனியே வைத்து, அதன் மதிப்பு இரவுக்கு இரவு மாறாமல் வருகிறதா என்று பாருங்கள். அது 0.03க்கு மேல் ஆடினால் அன்றைய அளவை நம்பாதீர்கள்.

வெடிப்பு பேரடையின் நடுவுக்கு அருகே இருந்தால், சூழ்ந்த ஒளியையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். வெடிப்பு மங்கிய அடுத்த ஆண்டில் அதே கருவியால் அந்தப் பேரடையைப் படமெடுத்து, பழைய படத்திலிருந்து கழிப்பதே நேர்மையான வழி.

படி 7: ஒளிவளைவு, உச்சம், பதினைந்து நாள்

வெடித்து 18 நாள் அளவில் நீல ஒளி உச்சத்துக்கு வரும். அதன்பின் 15 நாளில் எவ்வளவு மங்கியது என்பதே நமக்கு வேண்டிய எண். 1993இல் மார்க் ஃபிலிப்ஸ் காட்டியது இதைத்தான்: மெதுவாக மங்குபவை பிரகாசமானவை, வேகமாக மங்குபவை மங்கலானவை. அந்தத் தொடர்பைச் சிலி நாட்டின் கலான்-டோலோலோ ஆய்வு தொலைதூர வெடிப்புகளுக்கும் உறுதிப்படுத்தியது.

நீல வடிகட்டியில் 15 நாளில் 1.1 பொலிவெண் மங்குவதை நடுத்தரமாகக் கொள்ளலாம். அதற்கு உச்சத் தனிப் பொலிவெண் ஏறத்தாழ −19.25, கிட்டத்தட்ட 500 கோடி சூரியன்களின் ஒளி. அந்த 1.1க்கு மேல் 0.1 கூடும் ஒவ்வொரு முறையும் உச்சம் சுமார் 0.08 மங்கும். 1.5 மங்கிய வெடிப்பு ஒன்றைத் திருத்தாமல் விட்டால், தூரம் 16 விழுக்காடு கூடுதலாக வந்து நிற்கும்.

மூன்று நாளுக்கு ஒரு முறையாவது அளவு வேண்டும். உச்சத்தை ஒட்டிய வாரத்தில் தினமும். தனியாளால் இது முடியாது. மேகம் விடாது, வேலையும் விடாது. தொண்டி, கீழக்கரை, மண்டபம், ராமேசுவரம் என்று நாலு ஊரில் நாலு பேர் சேர்ந்து, ஒரே ஒப்பீட்டு விண்மீன்களை வைத்துக்கொண்டால் ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார். கேமராவின் பச்சைப் பகுதி வானியலார் பயன்படுத்தும் 'வி' வடிகட்டிக்கு நெருக்கமானது. நீலப் பகுதியை அப்படி நம்ப முடியாது. ஆகவே நீல வளைவுக்கு முறையான வடிகட்டி வாங்குங்கள், அல்லது பொதுவில் கிடைக்கும் தொழில்முறை அளவுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: தூசு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை இரண்டு முறை படிக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

2014 ஜனவரி 21 அன்று லண்டனில் ஸ்டீவ் ஃபாசி என்ற ஆசிரியர், மாணவர்களுக்குத் தொலைநோக்கியை இயக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். மேகம் சூழ்ந்துவரவே, கிடைத்த சில நிமிடத்தில் எம்82 பேரடையைப் படமெடுத்தார்கள். அதில் இருக்கக்கூடாத ஒரு புள்ளி இருந்தது. தானியங்கித் தேடல்கள் பிடிக்காமல் விட்ட எஸ்என் 2014ஜே அது. 35 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் மாணவர்களோடு கண்டுபிடித்தது.

அது 'ஒன்று-ஏ'தான். 'வி' வடிகட்டியில் உச்சம் சுமார் 10.6. தனிப் பொலிவெண் −19.2 என்று வைத்தால் வித்தியாசம் 29.8, தூரம் 91 லட்சம் பார்செக், ஏறத்தாழ 3 கோடி ஒளியாண்டு. ஆனால் எம்82 அவ்வளவு தொலைவில் இல்லை. மற்ற முறைகள் தரும் தூரம் 1.2 கோடியை ஒட்டியது.

காரணம், எம்82இன் தூசு. உச்சத்தில் 'ஒன்று-ஏ'யின் நீல அளவும் 'வி' அளவும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கவேண்டும். இங்கே நீலம் ஒரு பொலிவெண்ணுக்கு மேல் மங்கியிருந்தது. தூசு நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் மறைப்பதால் வெடிப்பு சிவந்து தெரியும். எவ்வளவு சிவந்தது என்பதை ஒரு விகிதத்தால் பெருக்கினால் மொத்த மறைப்பு கிடைக்கும். நம் பால்வெளியில் அந்த விகிதம் 3.1. சிவப்பேற்றம் 1.37 என்று வைத்து 3.1ஆல் பெருக்கினால் மறைப்பு 4.2 ஆகி, தூரம் 43 லட்சம் ஒளியாண்டுக்கு விழுந்துவிடுகிறது. அதுவும் தவறு. புறஊதா முதல் அகச்சிவப்பு வரை அளந்து பார்த்தபோது, அங்குள்ள தூசுக்கு விகிதம் 1.4 அளவே பொருந்தியது. அப்படியானால் மறைப்பு 1.9. வித்தியாசம் 27.9. தூரம் 38 லட்சம் பார்செக், 1.24 கோடி ஒளியாண்டு. இப்போது பொருந்துகிறது.

ஒரே வெடிப்பு, ஒரே ஒளி அளவு. தூசை எப்படிக் கையாள்கிறோம் என்பதைப் பொறுத்து 43 லட்சம், 1.24 கோடி, 3 கோடி என்று மூன்று விடைகள். எனவே குறைந்தது இரண்டு நிறங்களில் அளக்காமல் தூரம் சொல்லாதீர்கள். பேரடையின் தூசுப்பட்டைக்குள் வெடித்ததை முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள். ஓரத்தில் வெடித்ததாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

படி 9: கணக்கு

எஸ்என் 2011எஃப்இ அப்படி ஓர் அருமையான வெடிப்பு. தூசு மிகக் குறைவு. நீல உச்சம் சுமார் 9.95. 15 நாளில் மங்கியது 1.1, ஆகவே திருத்தம் தேவையில்லை. 9.95இலிருந்து −19.25ஐக் கழித்தால் 29.20. ஐந்தைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் 6.84. பத்தின் 6.84ஆவது அடுக்கு 69 லட்சம் பார்செக். 3.26ஆல் பெருக்கினால் 2.25 கோடி ஒளியாண்டு. எம்101இன் தூரத்தை ஹபிள் தொலைநோக்கி பார்த்த செஃபீட்களின் வழியே கணித்தவர்கள் சொல்வது 2.1 முதல் 2.2 கோடி வரை.

படி 10: பிழை

பொலிவெண்ணில் 0.1 தவறினால் தூரத்தில் கிட்டத்தட்ட 5 விழுக்காடு தவறும். உங்கள் அளவுப் பிழை 0.03, தூசுத் திருத்தத்தில் 0.1, எல்லாத் திருத்தமும் செய்த பின்னும் வெடிப்புகளுக்குள் எஞ்சும் இயல்பான வேறுபாடு ஏறத்தாழ 0.15 என்று கொள்ளுங்கள். மூன்றின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.18, தூரத்தில் 8 விழுக்காடு. ஆகவே விடையை '2.25 கோடி, கூடக்குறைய 20 லட்சம் ஒளியாண்டு' என்று எழுதுங்கள். பிழை எல்லை இல்லாத தூரத்தை யார் சொன்னாலும், அது பத்திரிகையில் வந்திருந்தாலும், ஏற்காதீர்கள்.

படி 11: அங்கிருந்து பிரபஞ்சத்துக்கு

எம்101 போன்ற பக்கத்துப் பேரடைகளுக்குச் சொந்த இயக்கம் உண்டு என்பதால் அவற்றை வைத்துப் பிரபஞ்ச விரிவை அளக்க முடியாது. அதற்குத் தொலைவில் உள்ள வெடிப்புகள் வேண்டும். அவை 16ஆம் பொலிவெண்ணைவிடவும் மங்கலாக இருப்பதால், பாலோமரின் இசட்டிஎஃப் ஆய்வு பொதுவில் வெளியிடும் அளவுகளைப் பயன்படுத்துங்கள்.

கணக்குக்காக, செம்பெயர்ச்சி (விலகிச் செல்வதால் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு) 0.03 கொண்ட பேரடையில் உச்சம் 16.2 ஆன வெடிப்பு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அந்த 0.03ஐ ஒளியின் வேகத்தால் பெருக்கினால் விலகும் வேகம் விநாடிக்கு 9,000 கிலோமீட்டர். பொலிவெண் வித்தியாசம் 35.45; தூரம் 12.3 கோடி பார்செக், அதாவது 123 மெகாபார்செக். 9,000ஐ 123ஆல் வகுத்தால் 73. இதுதான் ஹபிள் மாறிலி: மெகாபார்செக் ஒன்றுக்கு விநாடிக்கு இத்தனை கிலோமீட்டர்.

இன்னும் தொலைவில் தேடிய இரண்டு குழுக்கள், தூரத்து வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருப்பதை 1998இல் அறிவித்தன. பிரபஞ்ச விரிவு வேகம் பிடிக்கிறது என்பது அதன் பொருள். சால் பெர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் மூவரும் அதற்காக 2011இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

2022இல் ரீஸ் குழு, செஃபீடும் தெரிந்து 'ஒன்று-ஏ'யும் வெடித்த 37 பேரடைகளின் 42 வெடிப்புகளைக் கொண்டு ஹபிள் மாறிலி 73.04, கூடக்குறைய 1.04 என்று சொன்னது. ஆதிப் பிரபஞ்சத்தின் எச்ச ஒளியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் தரவோ 67.4, கூடக்குறைய 0.5 என்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. ஏணியில் எங்கோ பிழை ஒளிந்திருக்கிறதா, இயற்பியலில் நாம் அறியாதது இருக்கிறதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. அந்த 42 என்ற எண்ணைக் கவனியுங்கள். செஃபீட்களைப் பார்க்கும் அளவுக்கு அருகில் 'ஒன்று-ஏ' வெடிப்பது அவ்வளவு அரிது. அடுத்தது வெடிக்கும்போது, இங்கே தெளிந்த வானம் இருந்தால், அதன் ஏறுமுகத்தில் எடுத்த ஒவ்வொரு நல்ல அளவும் ஆய்வாளர்களுக்கு உண்மையாகவே தேவைப்படும்.

படி 12: அளவை அனுப்புவது

ஏஏவிஎஸ்ஓவில் நோக்கர் குறியீடு பெறுவது இலவசம். ஒவ்வோர் அளவோடும் ஜூலியன் நாள் (வானியலார் பயன்படுத்தும் தொடர் நாள் எண்), வடிகட்டி, ஒப்பீட்டு விண்மீன், சோதனை விண்மீன், பிழை ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். தூசுத் திருத்தமோ வளைவுத் திருத்தமோ செய்யாத வெறும் அளவையே அனுப்பவேண்டும். திருத்தங்கள் உங்கள் நோட்டில் இருக்கட்டும். மேகம் குறுக்கிட்டிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். ராஒ கோப்புகளையும் அன்றைய இருட்டு, சமன் படங்களையும் இரண்டு வட்டுகளில் நகலெடுத்து வையுங்கள். ஒப்பீட்டு விண்மீன்களின் மதிப்புகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. அப்போது பழைய இரவை மறுபடி அளக்க அந்தக் கோப்புகள்தான் கைகொடுக்கும்.